அப்பாவின் நாடி என் போனில்

எங்கள் தெருவில் யாருக்குப் போன் மக்கர் செய்தாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும், டிவியில் படம் வராமல் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் படித்தது பி.காம். அதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "படிச்ச பையன், இதுகூடத் தெரியாதா?" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலேயே எதையும் தெரியாது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

இப்போது எல்லோரும் கேட்பது ஸ்மார்ட் வாட்ச். வாங்கலாமா? கட்டினால் எடுப்பாக இருக்குமா? அதனால் உபயோகம் ஏதாவது உண்டா, இல்லை சும்மா பந்தாவா? ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். முடிவதில்லை. களைப்பாக வருகிறது.

முதலில் எனக்காகத்தான் ஒன்று வாங்கினேன். வேலை கேட்டுப் போகும் இடங்களில் கையில் அது இருந்தால் ஒரு மதிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கறுப்புப் பட்டை, சதுர முகம். முழுக்கைச் சட்டையின் நுனியை லேசாக மடித்து, அது தெரிகிற மாதிரி மேசைமேல் கையை வைத்துக்கொள்வேன். கேள்வி கேட்டவர்கள் யாரும் என் கையைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கடைசியில் வேலை கிடைத்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில். பில் போடுவது, கணக்கு ஏற்றுவது, ஜி.எஸ்.டி. பார்ப்பது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னை நேர்காணல் செய்ததும் அவர்தான். "மொளகாத் தூசிக்குத் தும்மல் வருமா தம்பி?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

சங்ககிரியிலிருந்து தினமும் பஸ். போக ஒரு மணி நேரம், வர அதற்கும் மேலே. பாதி நாள் நின்றுகொண்டே வருவேன். மண்டியில் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தால் வாட்ச் கையில் துடிக்கும். 'நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே.' முதலில் நானும் எழுந்து நடந்தேன். மூட்டைகளுக்கு நடுவில் நடக்க எங்கே இடம்?

சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். என்னைக் கணக்கு என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் கணக்கு, அது என்ன உன்ற மேனேஜரா? அது சொன்னா எந்திரிக்கற, சொன்னா உக்கார்ற?"

"ஒடம்புக்கு நல்லதுங்கண்ணா. ஒரே எடத்துல உக்காரக் கூடாதாம்."

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. ஆனா அது என்னைப் பாத்து உக்காருன்னு சொல்லோணும். அப்புடி ஒண்ணு இருந்தாச் சொல்லு, வாங்கிக்கறேன்."

மண்டியே சிரித்தது. பாயும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அது துடிக்கும்போதெல்லாம் மேசைக்கு அடியில் கையைக் கொண்டுபோய்விடுவேன். காலையில் எழுந்தால், 'நேற்றைய உறக்கம் போதுமானதாக இல்லை' என்று காட்டும். அது எனக்கே தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்ப ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? இருந்தும் கழற்றவில்லை. கை வெறுமையாகத் தெரிந்தது.

அப்பாவுக்கு ஒன்று வாங்கியது வேறு காரணத்துக்கு.

அப்பா லாரி டிரைவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓட்டுகிறார். வெளி மாநில லோடு. கர்நாடகா, மகாராஷ்டிரா, சில சமயம் குஜராத் வரை. இந்த வருஷம் வெயில் காலத்தில், லோடு இறக்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த இரண்டாவது டிரைவர் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கறன்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார். அங்கேயே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். சேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் ஏறியிருக்கிறது, நாடி சீராக இல்லை, மாத்திரை போட வேண்டும் என்றார்.

"வண்டி ஓட்டலாமுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் ஓட்டலாம். ஆனா கவனிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர்.

ஓட்டு என்றும் சொல்லவில்லை, ஓட்டாதே என்றும் சொல்லவில்லை. கவனிச்சுக்கிட்டே இருக்கணும் என்றால் யார், எப்படி? வண்டி தார்வாடில் இருக்கும்போது நான் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பேன். அப்படித்தான் வாட்ச் ஞாபகம் வந்தது. நாடி பார்க்கும், தூக்கம் பார்க்கும், தப்பாகத் தெரிந்தால் சத்தம் போடும். அப்பா போன் வழியாக என் போனுக்கும் வந்துவிடும். நாலைந்து நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கட்டும்போது அப்பாவிடம் கண்டிஷன் போட்டேன்.

"இதுல தப்பாக் காட்டுச்சுன்னா நீங்க வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிரோணும். அதுக்கப்புறம் ஓட்டக் கூடாது. சரிங்களா?"

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். நாற்பது வயதில் கண் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொள்ளாத மனிதர். ஆனால் கையை நீட்டிக்கொண்டே, "சரி சாமி. அது வேண்டாங்குச்சுன்னா அன்னைக்கே எறங்கிக்கறன்" என்றார்.

அம்மாவுக்குத்தான் அது பிடிபடவே இல்லை. சார்ஜ் போட்டு வைத்திருந்தபோது கேட்டாள்: "அது இங்க கெடக்குதே, அப்ப உங்கப்பன் நாடி இப்ப எங்க ஓடுது?"

அப்பா வீட்டில் இருந்த மாதங்களில் எல்லாம் சரியாகவே காட்டியது. டிவிஎஸ்ஸில் லாரி ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தால் மட்டும் மைல் கணக்கில் நடந்ததாகக் காட்டும். ரோட்டுக் குலுக்கலை எல்லாம் அது நடையாக எண்ணிக்கொள்கிறது. "உக்காந்துக்கிட்டே நடந்தாட்டக் காட்டுதே, நல்ல மிசினு" என்று சிரிப்பார். காலையில் நான் கிளம்பும்போது, "என்ன சொல்லுது?" என்று கேட்பார். "நல்லா இருக்குதுங்கப்பா" என்பேன். "ம்" என்று வேறு பக்கம் பார்ப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

சம்பளத்துக்காக அவர் ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலை அப்போது வீட்டில் இல்லை. அக்கா கல்யாணம் முடிந்துவிட்டது. நானும் சம்பாதிக்கிறேன். ஆனால் லாரிக்காரன் வீட்டில் உட்கார்ந்தால் தெருவே கேட்கும். "ஏனுங்க, வண்டி ஒர்க்‌ஷாப்புலயா?" என்று ஆரம்பிப்பார்கள். அப்பா, "அடுத்த வாரம் ஏறிருவேன்" என்பார். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அந்த அடுத்த வாரம் ஒருநாள் வந்தே விட்டது. ஆயுத பூஜை முடிந்து மறுநாள் நல்ல நாள். அன்றைக்கு லோடு ஏற்றிப் புறப்படுவது என்று லாரி ஆபீசில் பேசி வைத்துவிட்டார். பெங்களூருக்கு ஜவ்வரிசி. பக்கத்து லோடுதான், பழகின ரோடு, கூட இரண்டாவது டிரைவர் இருக்கிறார் என்றார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர் அவர். அப்பாவை அண்ணா என்பார், என்னைத் தம்பி என்பார்.

பூஜை அன்று நான் மண்டியில் இருந்தேன். தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நாங்கள் பொட்டு வைப்போம். பாய் பொரிக்கும் பழத்துக்கும் காசு கொடுத்துவிட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பார். அப்பா லாரியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முன்னால் இரண்டு வாழைக்கன்று, சம்பங்கி மாலை, கண்ணாடியில் சந்தனக் கீற்று. கீழே சாக்கு விரித்து, வண்டிச் சாமான்களை எல்லாம் வரிசையாக வைத்திருந்தது படத்தில் மங்கலாகத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் வண்டி புறப்பட்டதாக அம்மா சொன்னாள். பத்தரை இருக்கும். பில் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அப்பாவின் நாடி நாற்பதுக்கும் கீழே என்று சிவப்பில் காட்டியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். எண் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. மறுபடி சிவப்பு. இன்னும் குறைவு.

அப்பா ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். அடித்தேன். இரண்டாவது டிரைவர் எடுத்தார்.

"அண்ணா, அப்பா எப்படி இருக்கறாருங்க?"

"ஓட்டிக்கிட்டு இருக்கறாரு தம்பி. ஓமலூரு தாண்டிட்டோம்."

"வேர்க்குதுங்களா? மொகம் எப்படி இருக்குது?"

"ஏந் தம்பி? எப்பவுமாட்டத்தான் இருக்குது."

"நாடி கொறைவாக் காட்டுதுங்க. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. அப்பாவ ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க. நான் வாரேன்."

அவர் அப்பாவிடம் சொல்வது கேட்டது. அப்பா தகராறு செய்வார் என்று நினைத்தேன். "சரி, நிறுத்தறன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டது. தொப்பூர் மலைப்பாதைக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு, லாரிகள் நிற்கும் இடம். அங்கே நிறுத்துவதாகச் சொன்னார்கள்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "போ தம்பி, போய்ட்டு வா. கணக்கு எங்கயும் ஓடாது" என்றார். சுமை தூக்கும் அண்ணன் அன்று எதுவும் கேலி பேசவில்லை. வண்டி எடுத்து என்னைப் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்.

தர்மபுரி பஸ்ஸில் விடுமுறைக் கூட்டம். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைப் பார்த்தபடி நின்றேன். கோடு, சிவப்பு, கோடு. இடையில் ஒரு தடவை மட்டும் சரியான எண் வந்து போனது. போன தடவையும் நல்லாத்தான் இருக்கறன் என்று சொல்லித்தானே விழுந்தார் என்ற ஒன்றே திரும்பத் திரும்ப ஓடியது. அப்போது என் வாட்ச் துடித்தது. 'உங்கள் பதற்றம் அதிகமாக உள்ளது. மூச்சுப் பயிற்சி செய்யலாமா?' முன்னால் நின்றவரின் முழங்கை என் நெஞ்சில் இருந்தது. மூச்சு விடவே இடமில்லை.

இறங்கியபோது லாரி வேப்ப மரத்தடியில் நின்றது. வாழைக்கன்று வாடித் தொங்கியது. அப்பா டீக்கடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பாதி டீ. அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வந்துட்டயா சாமி. டீ குடி."

"எப்படி இருக்குதுங்கப்பா?"

"எனக்கொண்ணும் தெரியல. அதுக்குத் தெரியுமாட்ட இருக்குது. எறங்கச் சொல்லிருச்சா?"

கையைப் பிடித்து விரல் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் துடித்தது. வாட்ச் இறுக்கமாகத்தான் இருக்கிறதா என்று பட்டையைக் கழற்றித் திருப்பினேன்.

பின்பக்கம், வெளிச்சம் விட்டு நாடி பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடி முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது.

"என்னங்கப்பா இது?"

"ஏன்? பூஜைக்கு வெச்சது."

"வாட்ச்சுக்குங்களா?"

"ஜாக்கிக்கு வெக்கறன், ஸ்பேனருக்கு வெக்கறன், அதுக்கு மட்டும் வெக்காம எப்புடி? அதுவுந்தானே வேலை செய்யுது."

"அதை முன்பக்கமல்லங்க வெக்கோணும்."

"மொகத்துல வெச்சா மணி தெரியாதல்ல? அதுதான் முதுகுல வெச்சேன்."

இரண்டாவது டிரைவர் புரை ஏறி டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அண்ணா, அதுக்குக் கண்ணே அங்கதான இருக்குது. கண்ணக் கட்டி உட்டுட்டீங்களே."

"கட்டிக்கும்போதாவது துடைச்சிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"பூஜையில வெச்ச பொட்டை யாராச்சும் தொடைப்பாங்களா?" என்றார். கோபம் இல்லை. தானாக உதிர்கிறவரை விடுவதுதான் வழக்கம். வண்டி ஸ்டியரிங்கிலும் சந்தனம் அப்படியே இருந்தது.

டீக்கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கித் துண்டை நனைத்து நானே துடைத்தேன். எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. திரும்பக் கட்டினேன். பச்சை வெளிச்சம் இரண்டு முறை கண் சிமிட்டியது. எண் வந்தது. சரியான எண். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்த்தோம். அதே மாதிரி.

"நல்லா இருக்குதுங்கப்பா. ஒண்ணுமில்ல" என்றேன். வழியெல்லாம் அடக்கி வைத்த மூச்சை விட்டேன். என்னை அறியாமல் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அப்பா சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகம் மெதுவாக இறங்கியது. "நல்லாக் காட்டுதா" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை. பிறகு டீயைக் கீழே வைத்தார். "அப்ப ஓட்டலாம்ங்கற."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வண்டிக்குப் போனார். கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்தார். ஏறவில்லை. அப்படியே நின்றார். இரண்டாவது டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டி, தோள்பட்டை எலும்பு தெரிந்தது. காலையில் என்ன சொல்லுது என்று அவர் கேட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் பிடிபட்டது. நல்லா இருக்குது என்று நான் சொன்ன ஒவ்வொரு நாளும் அவர் மறுபடி வண்டி ஏற வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போதும் என்று அவர் வாயால் சொல்ல முடியாது. தெருவுக்கும் சொல்ல முடியாது, எனக்கும் சொல்ல முடியாது. சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் அதற்கு ஒரு வாட்சை வாங்கிக் கட்டிவிட்டு மண்டிக்குப் போய்விட்டேன்.

"அப்பா, ஏறாதீங்க" என்றேன்.

திரும்பவில்லை. "ஏன்? நல்லாத்தான காட்டுது?"

"காட்டுதுங்க. இருந்தாலும் வேண்டாம்."

"கண்டிசன் அப்புடி இல்லையே."

"கண்டிசனெல்லாம் இல்லீங்க. நான் சொல்றேன். போதும், எறங்குங்க."

ஏன் என்று மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார். "உன்ற இஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது டிரைவர் ஆபீசுக்குப் போன் போட்டார். "அண்ணனுக்குக் கொஞ்சம் முடியலீங்க" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். தர்மபுரியில் ஒரு ஆளை ஏற்றிவிடுவதாகச் சொன்னார்களாம். உள்ளே ஏறி அப்பாவின் சாமான்களை எடுத்துக் கீழே கொடுத்தார். தலையணை, போர்வை, தண்ணீர் கேன், மாத்திரை டப்பா, ஒரு சோடிச் செருப்பு. "உங்க தலகாணியிலயே ஒறங்கிப் பழகிட்டேன், இனி அது இல்லாம ஒறங்கப் போறதென்னமோ நானுங்ணா. பேசாம இதை எனக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அப்பா தலையணையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

லாரி ரோட்டில் ஏறி மலைப் பக்கம் திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டாவது கியர்லயே எடுக்கறான் பாரு" என்றார். பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் சேலம் பஸ்ஸுக்கு நின்றோம்.

வாட்ச் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? நாடி பார்க்கும், மணி பார்க்கும், போன் வந்தால் சொல்லும், கையில் கட்டினால் அழகாகவும் இருக்கும், வாங்குங்கள் என்கிறேன். அது பொய் இல்லை. அப்பாவும் இன்னும் கட்டுகிறார். நாடி எவ்வளவு என்று அதைக் கேட்கலாம். போதுமா என்று அதைக் கேட்கக் கூடாது. இதைச் சொன்னால், படித்த பையன் எதையும் சுற்றி வளைத்துத்தான் பேசுவான் என்பார்கள்.

சேலம் பஸ்ஸில் அன்று அதிர்ஷ்டவசமாக உட்கார இடம் கிடைத்தது. டிரைவருக்கு இரண்டு சீட்டு பின்னால். அப்பா ஜன்னல் பக்கம். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. ஒருமுறை, "இவ்வளவு கிட்ட வந்தா மிதிக்கறது" என்று முணுமுணுத்தார். ஓமலூர் வரைக்கும் அந்தக் கால் ஓட்டிக்கொண்டே வந்தது. அதற்கப்புறம் ஒரு வளைவில் பஸ் குலுங்கி நின்றது, கால் அசையவில்லை. பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தார். பகலில், வேறொருவர் ஓட்ட, ஏறியடித்த வெயிலில். புது பஸ் ஸ்டாண்டில் சங்ககிரி பஸ்ஸுக்கு மாற வேண்டும், அங்கே எழுப்பித்தான் ஆக வேண்டும். அதுவரை தூங்கட்டும் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.